சதுக்கத்தைப் பார்த்து எழுதிய அறிக்கை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று பெருமாநல்லூர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள், வந்தேன். நான் உட்காருவதற்குள் உங்களில் ஒருவர் போனை நீட்டினார். ஏதோ ஒரு நாட்டில் பெரிய ஊர்வலம். "மேடம், அந்த நாடே எந்திரிச்சிருச்சு. அங்க ஆர்டர் போட வேண்டாம்னு மெயில் போட்டாச்சு" என்றார். எந்த ஊர் என்று கேட்டேன். தெரியவில்லை. எடுத்தது யார்? தெரியவில்லை. இந்த வருஷத்து வீடியோதானா? அதுவும் சந்தேகம். மெயில் மட்டும் போய்விட்டது.

பக்கத்தில் இருந்தவர் உடனே தன் போனை நீட்டினார். "அதெல்லாம் பிரியாணி வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டு வந்த கூட்டம் மேடம்." எப்படித் தெரியும்? அவருடைய குரூப்பில் போட்டிருக்கிறார்களாம்.

எனக்கு வந்த எரிச்சலில் அன்று சரியாகப் பேசவே முடியவில்லை. ஆடிட் ஃபைல்களைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு டீயைக் குடித்துக் கிளம்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதித் தருகிறேன். உங்களைத் திட்டுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் போனைப் பார்த்துச் செய்ததை நான் விமானம் ஏறிப் போய், கண்ணால் பார்த்துச் செய்தேன். அது இன்னும் மோசம்.

அப்போது நமக்கு ஆப்பிரிக்காவில் ஒரு தையல் யூனிட் இருந்தது. நாட்டின் பெயரை எழுதவில்லை. இதில் வரும் ஒருத்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தலைநகரத்திலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு தொழில் நகரம். நானூறு உள்ளூர்ப் பெண்கள் அங்கே டி-ஷர்ட் தைத்தார்கள். நம் ஊரிலிருந்து ஒன்பது பேர் போயிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கட்டிங் மாஸ்டர் பழனிசாமி, வேலம்பாளையத்துக்காரர். ஆறு வருஷத்தில் அந்த ஊர்ப் பாஷையை நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார். கடைக்காரர்களோடு அவர் அதில் பேசுவதைக் கேட்டால் வேலம்பாளையம் வாடை அடிக்கும். ஆனாலும் அவர்களுக்குப் புரிந்தது.

அந்த வருஷம் அந்நாட்டு அரசாங்கம் தேர்தலைத் தள்ளி வைத்தது. தலைநகரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பெரிய சதுக்கம் ஒன்றில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நாள் ஆக ஆகக் கூட்டம் பெருகியது. நம் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மேடம், ஒரு டிவில நாடே தெரண்டு நிக்குதுங்கறான். இன்னொரு டிவில நாலு பேரு ஆடறாங்கறான். நெசமா சனம் பூரா அந்தப் பசங்க பக்கமா, இல்லியா? நீங்க ஒருக்கா போயிப் பாத்துப்போட்டு ஒரே வார்த்தைல சொல்லுங்க. நம்மாளுங்க ஒம்பது பேரு அங்க இருக்கறாங்க, அவங்க ஊட்டுல எனக்குப் போன் மேல போன்."

ஒரே வார்த்தையில். சரி சார் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஏனென்றால் அப்போதே நான் இருபது வருஷமாகக் கம்ப்ளையன்ஸில் இருந்தவள். ஒரு கம்பெனியில் தொழிலாளர்களைச் சரியாக நடத்துகிறார்களா என்று பார்க்கப் போனால், மேனேஜர் நிறுத்திவைத்திருக்கும் பெண்களிடம் நான் பேசவே மாட்டேன். நானே வரிசைக்குள் நடந்து போய் ஆளைத் தேர்ந்தெடுப்பேன். சூப்பர்வைசர் காதுக்கு எட்டாத இடத்துக்குக் கூட்டிப் போவேன். "சம்பளம் ஒழுங்கா வருதா" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் அதைக் கேட்க மாட்டேன். "போன தீபாவளிக்கு ஊருக்குப் போனியா கண்ணு, எத்தனை நாள் இருந்தே?" என்று ஆரம்பிப்பேன். இதையெல்லாம் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு நாட்டையே ஆடிட் செய்யப் போனபோது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

தலைநகரத்தில் மூன்று நாள் இருந்தேன். ஹோட்டல் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே. காலையில் ஜன்னலைத் திறந்தால் கடல் மாதிரிக் கூட்டம். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் எனக்கு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினாள். அங்கே முன்னால் நிற்பவர்களில் அவளும் ஒருத்தி. அழகான ஆங்கிலம். பிள்ளைகள் முறை வைத்துச் சதுக்கத்தைக் கூட்டினார்கள். தண்ணீர்ப் பாட்டிலை வாயில் வைக்காமல் ஊற்றிக் குடித்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். மயங்கி விழுபவர்களைத் தூக்கிப்போக நடுவில் ஒரு வழி விட்டிருந்தார்கள், அதில் ஒருவரும் காலை வைக்கவில்லை. சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் அழுதேன்.

"நாட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், எங்கள் பக்கம்தான்" என்றாள் அந்தப் பெண்.

நானும் கேட்டேன். யாரை? சதுக்கத்துக்கு என்னைக் கொண்டுவந்து விட்ட டாக்ஸிக்காரரை. ஹோட்டல் ரிசப்ஷனில் இருந்தவரை. சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை! எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

தொழில் துறையில் ஓர் அதிகாரியையும் பார்த்தேன். என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஐந்து தெருப் பிரச்சினை அம்மா இது. கூலிக்கு வந்தவர்கள். பின்னால் வெளிநாட்டுச் சதி." பச்சைப் பொய் என்று எனக்குத் தெரிந்தது. கூலிக்கு வந்தவன் அப்படித் தண்ணீரைப் பகிர்ந்து குடிக்க மாட்டான். ஆனால் அவர் சொன்னது பொய் என்றால் அந்தப் பெண் சொன்னது முழுக்க உண்மை என்று எப்படி ஆகும்? அதை நான் யோசிக்கவில்லை. அவரைப் பிடிக்கவில்லை, இவளைப் பிடித்திருந்தது, கதை முடிந்தது.

வருகிற வெள்ளிக்கிழமை நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்று சதுக்கத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த அன்றே நான் முதலாளிக்கு எழுதினேன்: "இது மக்கள் எழுச்சி. அரசாங்கம் இரண்டு வாரம் தாங்காது. வெள்ளிக்கிழமை நம் யூனிட்டை மூடிவிடலாம். 'மக்களின் வேலைநிறுத்தத்தை மதித்து விடுமுறை' என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினால் நாளை ஆட்சிக்கு வருபவர்களிடம் நமக்கு நல்ல பெயர் இருக்கும்." முதலாளி ஒப்புக்கொண்டார். நான்தானே நேரில் பார்த்தவள்.

யூனிட்டுக்குத் தகவல் போனதும் பழனிசாமி மாஸ்டர் என்னை அழைத்தார்.

"மேடம், கேட்டுல அதெல்லாம் ஒட்ட வேண்டாமுங்க. இங்க நெலவரம் அப்படி இல்லீங்க."

"எப்படி இல்ல?"

"எப்படின்னு சொல்லத் தெரியிலீங்க. எங்க லைன்ல இருக்கற புள்ளைங்க அதப் பத்திப் பேசறதே இல்லீங்க. பேசாம இருக்கறது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு எனக்குப் புரியிலீங்க."

"நீங்க ஃபேக்டரிக்குள்ளயே இருக்கீங்க மாஸ்டர். நான் சதுக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்றேன். இங்க இப்பவே ஒரு கடைகூடத் திறக்கல, தெரியுமா?"

மாஸ்டர் சொன்னார், "நம்மூருல பந்த்னா பேக்கரிக்காரரு பாதி ஷட்டர எறக்கிப்போட்டு உள்ளார டீ விப்பாருங்களே மேடம். அவுரு பந்துக்கு ஆதரவா, எதிர்ப்புங்களா?"

நல்லூரில் என் அத்தா பனியன் வேஸ்ட் துணிக் கடை வைத்திருந்தவர். எந்தக் கட்சி பந்த் என்றாலும் முதல் ஆளாக ஷட்டரை இறக்கிவிடுவார். கண்ணாடி உடையக் கூடாது, அவ்வளவுதான் அவர் கொள்கை. யார் எதற்காக பந்த் அறிவித்தார்கள் என்றுகூடப் பல தடவை அவருக்குத் தெரியாது. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். மாஸ்டரிடம், "அது வேற, இது வேற" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் யூனிட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். இரவு கேட்டைப் பூட்டி நோட்டீஸை ஒட்டச் சொன்னேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு கேட்டுக்கு உள்பக்கம் நானும் மாஸ்டரும் நின்றோம். வெளியே நானூறு பெண்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் வேலைக்கு வந்திருந்தார்கள்.

பின்னால் நின்றவர்களுக்கு நோட்டீஸ் தெரியவில்லை என்பதால் லைனில் தைத்துக்கொண்டே சூப்பர்வைசராகவும் இருந்த ஒருத்தி அதை உரக்கப் படித்துக் காட்டினாள். அவள் பெயர் மிரியம். முப்பது வயது இருக்கும், இரண்டு குழந்தைகள். படித்து முடித்துவிட்டு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள். மாஸ்டர் என் காதருகே தமிழில் சொன்னார்:

"மக்கள்னு போட்டிருக்கறீங்களே, ஆருங்க அதுன்னு கேக்குதுங்க. அதுல நானு இருக்கறனான்னு கேக்குதுங்க. என்ற சம்மதத்த எப்பக் கேட்டீங்கன்னு கேக்குதுங்க."

அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. உள்ளூர் ஆளுங்கட்சிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். யாரையும் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நோட்டீஸைப் போட்டோ எடுத்தார்கள். அதன் பக்கத்தில் நின்ற மிரியத்தையும் சேர்த்து எடுத்தார்கள். மதியம் போலீஸ் அவள் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைநிறுத்தத்துக்கு ஆள் திரட்டினாளாம். அதைக் கண்டித்துக் கத்தியவள்தான் அவள்.

போலீஸ் ஸ்டேஷனில் மிரியத்தின் அம்மா இரண்டு பேரக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் மாஸ்டரும் பெஞ்சில். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே கூப்பிட்டு, நோட்டீஸை யார் எழுதியது என்று கேட்டார்.

உங்களுக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு உடனே வாய் வரவில்லை. கம்பெனி, என் பாஸ்போர்ட், வீட்டில் இருந்தவர்கள், எல்லாம் ஒரே சமயத்தில் மனதில் ஓடின. மாஸ்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். பிறகுதான் சொன்னேன், நான் எழுதியது என்று. இன்ஸ்பெக்டர் சிரித்தார். "உங்களுக்கு எதற்கு அம்மா எங்கள் ஊர் வேலைநிறுத்தம்?" நம்பவில்லை. முதலாளிக்கு நான் அனுப்பிய மெயிலைக் காட்டினேன். நோட்டீஸில் என்ன எழுத வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. என் கையெழுத்தில் வாக்குமூலமும் எழுதிக் கொடுத்தேன். என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார்கள். மூன்றாம் நாள் மிரியத்தை விட்டார்கள். அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. தையல்காரிக்கு அந்தக் கை என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில் நான் செய்த அடுத்த முட்டாள்தனம். ஸ்டேஷன் வாசலில் நின்றே முதலாளியைக் கூப்பிட்டு, "சார், நான் சொன்னது தப்பு. ஜனம் அவங்க பக்கம் இல்ல. இது வெறும் தலைநகரத்துப் பிள்ளைங்க ஆட்டம்" என்றேன்.

"முந்தாநேத்து எழுச்சின்னீங்க?"

"ஆமாங்க சார்."

"இன்னிக்கு ஆட்டங்கறீங்க. நாளான்னிக்கு என்ன சொல்லுவீங்க மேடம்?"

அவருடைய எரிச்சல் நியாயமானது. சதுக்கத்தைப் பார்த்து நாடு என்றேன். பிறகு ஒரு கேட்டைப் பார்த்து நாடு என்றேன். இரண்டு தடவையும் எனக்கு ஒரே வார்த்தைதான் தேவைப்பட்டது.

மிரியம் வீடு திரும்பிய மறுநாள் அவளைப் பார்க்கப் போனோம். உள்ளே விடுவாளோ மாட்டாளோ என்று பயந்தேன். விட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்களுக்கு அந்தப் பிள்ளைகளைப் பிடிக்காது என்று எனக்கு இப்போது புரிகிறது" என்றேன்.

அவள் மாஸ்டரைப் பார்த்து வேகமாகப் பேசினாள். மாஸ்டர் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னார்:

"அப்படி ஆருங்க சொன்னாங்கன்னு கேக்குதுங்க. எலெக்‌ஷன் நடக்கோணும், தள்ளி வெச்சது அநியாயம், அதுல அந்தப் பசங்க சொல்றது சரிங்குதுங்க. ஆனா வேலைக்குப் போவாதீங்கன்னு சொல்றதுக்கு அவங்க ஆருங்குதுங்க. அவங்க செயிச்சா நம்மள மறந்துருவாங்களாமா. தோத்தா நம்மதான் ஒதை வாங்கோணுமாமா. ஏற்கெனவே வாங்கியாச்சுன்னு சொல்லுதுங்க."

தேர்தல் வேண்டும். வேலைநிறுத்தம் வேண்டாம். சதுக்கத்தில் இருப்பவர்கள் தன் ஆட்கள் அல்ல. ஆனால் அரசாங்கமும் தன்னுடையது அல்ல. ஒரு பெண்ணின் மனதில் இத்தனை இருந்தது. நான் ஒரு நாட்டுக்கு ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட் திரும்பி வர மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. வேறு வேலை இல்லாததால்தான் உருப்படியான வேலை ஒன்றைச் செய்தேன். மாஸ்டரோடு ரொட்டிக் கடை, மினி பஸ் வரிசை, பெண்கள் ஹாஸ்டல் என்று சுற்றினேன். "போராட்டத்தை ஆதரிக்கிறீர்களா" என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை கடையை ஏன் மூடினீர்கள்? தேர்தல் நடந்தால் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய் ஓட்டுப் போடுவீர்களா? சதுக்கத்தில் இருப்பவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா? இப்படித்தான் கேட்டோம். பதிலோடு, அப்போது பக்கத்தில் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன். அதில்தான் பாதி விஷயம் இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் கடையில் ஆள் இருந்தபோது "குழப்பக்காரப் பயல்கள்" என்றார். மறுநாள் மாஸ்டர் மட்டும் தனியாகப் போனபோது, தன் அண்ணன் மகன் சதுக்கத்தில்தான் இருக்கிறான், வாரம் ஒரு மூட்டை ரொட்டி அனுப்புகிறேன் என்றாராம். ஹாஸ்டலில் ஒரு பெண் தோழிகளுக்கு நடுவில் சதுக்கத்தை வானளாவப் புகழ்ந்தாள். படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, அவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விட்டால் தேவலாம், பஸ் ஓடும் என்று முணுமுணுத்தாள்.

மூன்றாவது அறிக்கையில் எழுதினேன்: நான் பேசியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தேர்தல் வேண்டும். வேலைநிறுத்தம் வேண்டும் என்று சொன்னவர்கள் மிகக் கொஞ்சம். தலைவர்களின் பெயர் ஏறக்குறைய ஒருவருக்கும் தெரியவில்லை. இவர்களுக்கு இரண்டு பக்கத்தைப் பார்த்தும் பயம் இருக்கிறது. இது ஓர் ஊரில் ஒன்பது நாளில் கேட்டது. கிராமங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தேதி அறிவித்தால் தெரு அடங்கும். துப்பாக்கியால் சுட்டால், வெளியே வராதவர்களும் வருவார்கள் என்று நினைக்கிறேன். யூனிட் ஓடட்டும். கேட்டில் எதையும் ஒட்ட வேண்டாம். நம் ஒன்பது பேரில் ஊருக்குப் போக விரும்புபவர்களை அனுப்பிவிடலாம்.

முதலாளி படித்துவிட்டு அழைத்தார். "இது என்னங்க மேடம் பதிலு? ஆமாவா, இல்லியா?"

"இவ்வளவுதான் சார் எனக்குத் தெரியும்."

கோபத்தில் போனை வைத்துவிட்டார். ஆனால் நான் எழுதியபடிதான் செய்தார். ஒன்பது பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மாஸ்டர் அங்கேயே இருந்தார்.

இரண்டு மாதத்தில் அரசாங்கம் தேர்தல் தேதியை அறிவித்தது. சதுக்கம் காலியானது. அந்தப் பிள்ளைகள் கட்சி தொடங்கிப் போட்டியிட்டார்கள். தலைநகரத்தைத் தாண்டி ஓர் இடத்திலும் ஜெயிக்கவில்லை. சதுக்கத்தில் ஒருவருக்கும் பிடிக்காத பழைய எதிர்க்கட்சி ஒன்று ஆட்சிக்கு வந்தது. மருத்துவ மாணவி எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "மக்கள் எங்களைக் கைவிட்டுவிட்டார்கள்." அந்தத் தேர்தலே அவர்கள் உட்கார்ந்திருந்ததால்தான் நடந்தது. அதை அவளுக்கு எழுதினேன், பதில் வரவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பேசிய அதிகாரி புதிய அரசாங்கத்திலும் அதே நாற்காலியில் இருந்தார். இந்தத் தேர்தலே மக்கள் எழுச்சியின் வெற்றி என்று ஒரு கூட்டத்தில் பேசினாராம்.

இதில் யார் மக்கள், யார் இல்லை என்று ஒரே வார்த்தையில் இப்போது உங்களில் யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். மெயில் போடும் விரலுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு, கேட்டது இன்னாரிடம், அப்போது பக்கத்தில் இருந்தவர் இன்னார் என்று எழுதுங்கள். மேலே இருப்பவர் போனை வைத்தால் வைக்கட்டும்.

மிரியம் நம் யூனிட்டுக்குத் திரும்ப வரவில்லை. கூப்பிட்டோம், மறுத்துவிட்டாள். கை ஆற நாலு மாதம் ஆயிற்று. அதன் பிறகு வேறொரு கம்பெனியில் செக்கிங்கில் சேர்ந்தாள். தைப்பதை விட்டுவிட்டாள்.

தேர்தல் முடிந்த பிறகு ஆடிட்டுக்காக அங்கே போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். அம்மா இந்தத் தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார், நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார். மிரியம் இதற்குள் கொஞ்சம் ஆங்கிலம் பேசப் பழகியிருந்தாள். ஓட்டுப் போட எட்டு மணி நேரம் பஸ்ஸில் போய், வரிசையில் அரை நாள் நின்றதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. எத்தனை பட்டாலும் சில பேருக்குப் புத்தி வராது.

"யாருக்குப் போட்டாய்?" என்று கேட்டேன்.

மிரியம் என்னையே பார்த்தாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்கள்" என்றாள். "ஆறிவிடும்."